கட்டைவிரலுக்குப் பின்னால் நாமக்கோழி

பொங்கல் கழிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொரட்டூர் ஏரிப் பறவைகளை நாங்கள் பதினான்கு பேர் கணக்கெடுக்கிறோம். கரையை ஏழு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு பகுதிக்கு இருவர் நிற்போம். ஒருவர் பைனாகுலரில் பார்த்துப் பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் சொல்வார், மற்றவர் எழுதுவார். சொல்பவர், எழுதுபவர் என்றுதான் எங்களுக்குள் பேச்சு. நான் இரண்டு வருடம் எழுதுபவராக இருந்தேன்.

ஏரிக்கு என்னை அனுப்பியது சர்க்கரை. தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார் டாக்டர். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்கரைக்குப் போய்த் திரும்பினால் சரியாக நாற்பத்திரண்டு நிமிடம். கரையில் முக்காலி போட்டுத் தொலைநோக்கி வைத்திருந்த ஓர் அம்மாள் ஒருநாள் என் கையிலிருந்த டைரியைப் பார்த்தார். கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவர், கணக்கெடுப்பை நடத்துபவரும் அவரே. எல்லோருக்கும் அவர் 'மேடம்'. எழுந்த நேரம், சமையல், கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள் என்று இருபத்தாறு வருடமாக எழுதி வருகிறேன். மேடம் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இந்தக் கையெழுத்துல லிஸ்ட் வந்தா நான் மறுபடி உக்காந்து எழுத வேண்டியதே இல்ல" என்று சந்தோஷப்பட்டார். அப்படித்தான் சேர்ந்தேன்.

என் பகுதியில் சொல்பவர் ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநர். கொரட்டூர் ஸ்டேஷனுக்கும் அம்பத்தூருக்கும் இடையே ஓட்டுகிறார், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒருமுறை மேடத்தின் தொலைநோக்கியை முக்காலியோடு ஆட்டோவில் ஏற்றிவந்தவர், இறக்கிவிட்டுப் போகாமல் நின்று தானும் அதில் ஒரு கண் வைத்துப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அவர் சொல்வார், நான் எழுதுவேன். என் அட்டவணையில் அடித்தல் திருத்தல் இருக்காது.

இரண்டாம் வருடக் கணக்கெடுப்பு முடிந்த அன்று மத்தியானம் வீட்டில் டைரியைத் திறந்தேன். காலையில் பார்த்ததை எழுத வேண்டும். பனி, சுண்டல், இடது செருப்பின் வார் அறுந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. முப்பத்தொரு வகைப் பறவைகள் என் பேனா வழியாகப் போயிருந்தன. நான் பார்த்ததோ அட்டையில் செருகிய தாளை மட்டும். அன்றைய பக்கத்தின் கீழ்ப்பாதி காலியாகவே கிடந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

மறுநாளே மேடத்திடம் போய், அடுத்த வருடம் நான் சொல்பவராக வேண்டும் என்றேன். அவர் முகம் சற்று வாடியது.

"சொல்றதுக்கு ஆள் கிடைப்பாங்க. இப்படி எழுத ஆள் கிடைக்காதே" என்றார். நான் நகராமல் நின்றேன். "சரி. பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை என்கூட உங்க பகுதியில நடங்க. கண்ணுல படறதை எல்லாம் சொல்லுங்க. சரியா இருந்தா நீங்கதான் சொல்றவர். இல்லேன்னா பேனாவை விடக்கூடாது."

பக்கத்தில் நின்ற ஓட்டுநர் திடுக்கிட்டார். "அப்ப எழுதறது யாரு மேடம்? நானா? என் எழுத்தப் பாத்தா எனக்கே பேஜாரா கீது."

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், கம்பெனிக்காக ஜப்பானிய மொழி படிக்கிறாள். ஜூனில் விடுமுறைக்கு வந்தவள் தன் போனில் இருந்த ஃபிளாஷ்கார்டு மென்பொருளை என் போனிலும் போட்டுக் கொடுத்தாள். கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலை மனதுக்குள் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள நாலு பட்டன்கள்: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. சரியாகச் சொன்ன கார்டு நாலு நாள் கழித்து வரும், அப்புறம் பத்து நாள், அப்புறம் ஒரு மாதம். தவறிய கார்டு சில நிமிடங்களிலேயே திரும்பி வந்து நிற்கும். நமக்கு மறக்கப்போகிற சமயமாகப் பார்த்து அது கேட்கும் என்றாள் மகள்.

"ஒருதரம் உள்ள போயிடுச்சுன்னா வருஷக்கணக்கா இருக்கும்மா. நீ ஒருநாள்கூட விடாம செய்யணும், அவ்வளவுதான்."

ஒருநாளும் விடாமல் செய்வது எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரிக்கு வரக்கூடிய அறுபத்து நாலு வகைகளுக்கு மேடத்திடம் பட்டியல் வாங்கினேன். வலைத்தளங்களில் தேடி, வகைக்கு ஒன்றாக ஆகச்சிறந்த படத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டி, வரிசை எண் போட்டேன். ஒரு நாளைக்குப் பத்துப் புதிய கார்டு போதும் என்று மகள் சொல்லியிருந்தாள். எதையும் பாதியில் நிறுத்தும் பழக்கம் இல்லாததால் அறுபத்து நாலையும் இரண்டே நாளில் இறக்கினேன். மூன்றாம் நாள் அவ்வளவும் கும்பலாகத் திரும்பி வந்தன. அன்று ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது.

பிறகு ஒழுங்குக்கு வந்துவிட்டது. காலை ஐந்தே முக்காலுக்குப் பால் காயும்போது உட்காருவேன். இன்று வந்தவை எத்தனை, சரி எத்தனை, தவறு எத்தனை என்று டைரியில் மூன்று கட்டம் போட்டேன். ஆகஸ்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தீபாவளிக்கு முந்தைய வாரம் தொண்ணூற்றேழு. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, ஏரிக்குப் பரீட்சை எழுத நீ போறியா, போன் போகுதா?"

அவர் கிண்டலாகக் கேட்டது சரியான கேள்வி என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அந்த ஐந்து மாதமும் நான் தினம் ஏரிக்கரையில் நடந்தேன். பறவைகளைப் பார்க்கவில்லை. முதலில் பாடம் முழுவதும் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று வைத்திருந்தேன். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே வரைபடத்தைப் படித்து முடிக்காமல் யாரும் பொருளைத் தொடக்கூடாது. அந்த வழக்கத்தை அப்படியே ஏரிக்குக் கொண்டுவந்துவிட்டேன். கண்ணோரத்தில் ஏதாவது பறந்தால்கூடக் குனிந்துகொள்வேன்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பாடம் முடிந்தது என்று முடிவு செய்து, ஓட்டுநரிடம் பைனாகுலரைக் கேட்டு வாங்கினேன்.

ஆகாயத்தாமரைக்கு அப்பால் கறுப்பாக ஐந்தாறு மிதந்தன. வெயில் எதிரில் இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீர்க்காகம்" என்றேன்.

"நீர்க்காக்காவா குண்டா இப்டி உக்காரும்? சரி, அத்த உடு. அது இன்னா?"

"வாத்து."

"இன்னா வாத்து?"

எனக்குத் தெரியவில்லை. பத்து காட்டினார். இரண்டு சொன்னேன். ஒன்று கூழைக்கடா, இன்னொன்று நீலத் தாழைக்கோழி. ஆட்டோவில் போகிற குழந்தைகூட அந்த இரண்டையும் சொல்லிவிடும். நான் போனை எடுத்து, அன்று காலை முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று சரி என்று நீட்டினேன். அவர் கார்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். படங்கள் பிரமாதம் என்று பாராட்டினார். பிறகு ஒரு கார்டில் நிறுத்தி, பறவையின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு என் பக்கம் திருப்பினார்.

"இது இன்னாக்கா?"

"நாமக்கோழி."

"பறவையே தெர்லயே. எப்டி சொன்ன?"

"அந்தத் துருப்பிடிச்ச கம்பி..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன்.

அவர் விடவில்லை. அடுத்த கார்டு, அதே கட்டைவிரல். மஞ்சள் பூ மட்டும் தெரிந்தது. "தாழைக்கோழி" என்றது என் வாய். அடுத்ததில் கீழ்மூலையில் யாரோ கையெழுத்துப்போல் பெயர் போட்டிருந்தார்கள். "நீலச்சிறகி." ஆறு கார்டு, ஆறும் சரி. ஒரு பறவையையும் நான் பார்க்கவில்லை.

ஓட்டுநர் கரையில் குந்தி உட்கார்ந்து சிரித்தார். "கம்பி பாஸு, பூவு பாஸு, எவனோ போட்ட கையெழுத்து பாஸு. பறவ மட்டும் ஃபெயிலு. அஞ்சு மாசமா இத்தயா படிச்சுகினு இருந்த?"

நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. "நீங்க எழுதுறதுக்குப் பயந்துதானே இவ்வளவு சந்தோஷப்படுறீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன? உன் மேல சத்தியமா ஆமாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மென்பொருள்மேல் குறையில்லை. நான் எதைக் கேட்கச் சொன்னேனோ, அதைத்தான் உரிய நாளில் தவறாமல் கேட்டது. வகைக்கு ஒரே படம் கொடுத்து, 'இது எந்தப் படம்?' என்று கேட்கவைத்தவள் நான். எங்கள் பிரிவில் அளவு பார்க்கும் கேஜ் தேய்ந்துபோனால் வருகிற பொருளெல்லாம் பாஸாகும். பொருள் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். என் தொண்ணூற்றேழு அந்த வகைச் சந்தோஷம்.

அறுபத்து நாலு கார்டையும் அழித்தேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. நிச்சயமாக. டைரியில் ஆபீஸ் வழக்கப்படி எழுதினேன்: 'நீக்கம் 64. காரணம்: சோதித்த முறை தவறு.' மேடத்துடன் நடக்க ஒன்பது வாரம் இருந்தது.

மகளிடம் போனில் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒரு பறவைக்கு அஞ்சாறு படம் போடும்மா. அழகா இருக்கறது வேண்டாம். மோசமான படமா போடு."

மோசமான படத்துக்கு ஓட்டுநரைப் போல ஆள் கிடைக்கமாட்டார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கரைக்கு வந்து, பைனாகுலர் கண்ணாடியில் போனை ஒட்டவைத்து எடுப்பார். பாதி இலை, பாதி பறவை. சிலவற்றில் முதுகு மட்டும். ஒன்றில் தண்ணீர் வட்டம் மட்டும் இருந்தது, முங்கிப்போன முக்குளிப்பானாம். கூடவே குரல் பதிவும் வரும்: "அக்கா, மூஞ்சிய தேடாத. நடைய பாரு. தலைய ஆட்டிக்கினே, வால வெடுக்கு வெடுக்குனு தூக்கிக்கினே போவுது பாரு, அது தாழைக்கோழி. நாமக்கோழி கல்யாண ஊட்டு மாமா மாரி, நெத்தில வெள்ளையா நாமம் போட்டுக்கினு சும்மா மெதக்கும்."

எழுதும் வேலை தன் தலையில் விழும் என்று தெரிந்தே அவர் இதைச் செய்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நீ தப்பா சொன்னா பக்கத்துல நிக்கிற எனக்குத்தான் மானம் போவும்" என்றார்.

இந்தமுறை எனக்கு நானே இரண்டு விதி வைத்தேன். என் கண்ணால் ஏரியில் பார்க்காத பறவைக்குக் கார்டு கிடையாது. பின்பக்கத்தில் பெயரோடு, அதுதான் என்று சொல்ல ஒரு காரணமும் இருக்க வேண்டும். காரணம் சொல்லத் தெரியாவிட்டால், பெயர் சரியாக இருந்தாலும் 'அகெய்ன்' அழுத்த வேண்டும். மேடம் பழைய பைனாகுலர் ஒன்றை இரவல் கொடுத்தார். காலையில் நடை நாற்பத்திரண்டு நிமிடத்திலிருந்து ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. சமைக்க நேரமில்லை. தினமும் இட்லிதான், கணவரின் டிபன் பாக்ஸிலும் அதுவே.

முதல் வாரம் நூற்றுக்கு நாற்பத்தெட்டு. ஐந்து மாதமாகத் தொண்ணூறுகளைப் பார்த்துப் பழகிய கட்டத்தில் அந்த எண்ணை எழுதக் கை கூசியது. ஆனால் கார்டுகள் வேறு விதமாக வேலை செய்யத் தொடங்கின. காலையில் போனில் கோட்டைவிட்ட பறவை அரைமணி கழித்து ஏரியில் எதிரே நிற்கும். உடனே அதன் அலகைப் பார்ப்பேன். நாலு நாள் கழித்து அதே கார்டு வரும்போது போனில் இருந்த மங்கல் படத்தைத் தாண்டி, மதகுப் பக்கம் நின்ற அந்தப் பறவை ஞாபகத்துக்கு வரும். பத்து நாள் கழித்து வரும்போது யோசிக்கவே வேண்டியிருக்காது. சேற்றில் மேயும் சின்னப் பறவைகளான உள்ளான் வகையறா மட்டும் அடங்கவில்லை. எட்டுமுறை தவறிய கார்டை மென்பொருள் தானாகவே ஒதுக்கி வைத்துவிடும். என்னிடம் ஒதுங்கிய ஒன்பதில் ஏழு உள்ளான்கள். நின்ற இடத்தில் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் சாதா உள்ளான், முதுகில் பொரியாகப் புள்ளி இருந்தால் பொரி உள்ளான். அதற்கு அவை ஆடவும் வேண்டும், முதுகைக் காட்டவும் வேண்டும்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு வந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கார்டு, அன்று காலை நூற்றுக்கு எண்பத்தொன்று. மேடம் தன் தாளோடு நடந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். சரி என்றோ தப்பு என்றோ முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. ஓட்டுநர் ஐந்தடி தள்ளிப் பின்னால் வந்தார். நத்தைகுத்தி நாரை, புள்ளிமூக்கு வாத்து, செந்நாரை, மீசை ஆலா. தாழைக்கோழி என்று சொல்லும்போது ஒரு மஞ்சள் பூவும் அங்கே இல்லை.

அப்புறம் சேற்றுத்திட்டு. வெயில் எதிரே இருந்தது. சின்னதாக மூன்று உள்ளான்கள், கறுப்பு நிழலாக, ஆடாமல் அசையாமல் நின்றன. பொரி உள்ளானாக இருக்கலாம் என்று உள்ளே ஏதோ சொன்னது. காரணம் கேட்டுப் பார்த்தேன். காரணம் இல்லை.

"மூணு உள்ளான். என்ன உள்ளான்னு தெரியல" என்றேன்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். பின்னாலிருந்து ஓட்டுநர் முனகினார். "அக்கா, வாயில வந்து நிக்கிதுல்ல, சொல்லிட்டுப் போயேன்."

"நீங்க சும்மா வாங்க" என்றார் மேடம் அவரிடம். என்னிடம், "ஒரு யூகம்கூட இல்லியா?" என்றார்.

"யூகம் இருக்கு மேடம். எழுதுற அளவுக்கு இல்ல."

இருபத்தேழு வகையில் இருபத்தாறு சரி, ஒன்று தெரியவில்லை. மேடம் தாளை மடித்தார். "அந்த மூணு எனக்கும் தெரியல. வெளிச்சம் அப்படி" என்றார். இரண்டு எட்டு நடந்தபின் ஓட்டுநர் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் நல்ல பேனாவா ஒண்ணு கொண்டு வாங்க" என்றார்.

"மெய்யாலுமா மேடம்?" என்று அவர் கேட்டது, நான் கேட்க நினைத்தது.

கணக்கெடுப்பு அன்று ஆறரை மணிக்கு எங்கள் பகுதியில் நின்றோம். நான் சொன்னேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

"கொக்கு, சின்னது, பதினொண்ணு. மடையான் நாலு. நீர்க்காகம்..."

"மெதுவாக்கா. ரேஷன் கடையில பேரு கூப்டற மாரி கூப்டற."

ஒருமுறை ஓரக்கண்ணால் அவர் தாளைப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. கட்டங்களை மதிக்காமல் எண்கள் ஏறி இறங்கியிருந்தன. கூழைக்கடா நீர்க்காகத்தின் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தது. கை தானாக நீண்டது. அதே நேரம் அரக்கோணம் லோக்கல் ரயில் ஹார்ன் அடித்துக்கொண்டு போக, ஆகாயத்தாமரைக்குப் பின்னாலிருந்து ஒரு கூட்டம் எழுந்தது. தாளை வாங்கித் திருத்தினால் கூட்டம் போய்விடும். கையை மடக்கிப் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். வெள்ளைப் புருவம். வேகமான சிறகு. பத்துப் பத்தாக எண்ணினேன்.

"நீலச்சிறகி. நாப்பத்தாறு."

"சோக்கா கீதுக்கா" என்றார். எழுத மறந்து அவரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம்முறை சொல்லி எழுதவைத்தேன்.

எட்டரைக்கு எல்லோரும் மதகருகில் கூடினோம். மற்ற ஆறு பகுதிகளின் தாள்களை வாங்கி வரிசையாக வைத்த மேடம், எங்களுடையதை நேராகப் பிடித்தார், பிறகு பக்கவாட்டில் பிடித்தார்.

"இது பதினேழா, எழுபத்தேழா?"

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "நான் எழுதறப்போ தெளிவாதான் இருந்துச்சு மேடம்."

"பதினேழு மேடம், நாமக்கோழி" என்றேன். "நாணல் ஓரமா ஒன்பது, திறந்த தண்ணியில எட்டு. எட்டுல ஒண்ணு தனியா இருந்துச்சு."

"அப்ப இந்தக் கூழைக்கடா?"

"ஆறு. ரெண்டு பறந்து வந்து இறங்குச்சு, நாலு ஏற்கெனவே இருந்துச்சு. கீழ இருக்கற இருபத்து மூணுதான் நீர்க்காகம்."

மேடம் என்னையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை மடித்து ஓட்டுநரின் சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, புதிய தாள் ஒன்றை எடுத்து அட்டையில் வைத்தார். தன் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"முதல்ல இருந்து வாங்க. நான் எழுதறேன்" என்றார்.

நான் ஏரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.